அட்டையில் அடங்கிய ஆதிக்கம்

நூலகத்தில் ஏடுகள் வரிசையாக நிற்கின்றன. எது முன், எது பின் என்று வகுத்தவர் யார்? கேட்கத்தான் வேண்டும், தோழர்களே!

1876-இல் அமெரிக்கரான மெல்வில் டூயி, மாந்தர் அறிவு முழுவதையும் பத்துப் பேழைகளுள் அடைத்தார். எளிய முறை, உலகம் ஏற்றுக்கொண்டது. ஆயின் மதம் என்னும் பேழையைத் திறந்து பாருங்கள்! 220 முதல் 280 வரை விவிலியமும் கிறித்துவமும் கால்நீட்டிப் படுத்திருக்கும். ஏனைய மதங்கள் அனைத்தும் 290 என்னும் ஒற்றை அறையில் நெருக்குண்டு கிடக்கும். இலக்கியத்தில் ஆங்கிலத்திற்கு 820 என்று தனி மாளிகை. ஈராயிரம் ஆண்டு இலக்கியம் கண்ட தமிழுக்கோ, 'ஏனைய மொழிகள்' எனும் கொல்லைப்புறத்தில் 894.811!

இந்தப் பேழை முறையை உடைத்தவர் நம் பக்கத்து ஊர்க்காரர். சிதம்பரத்திற்குத் தெற்கே, கொள்ளிடம் கடந்தால் சீர்காழி. அங்கே 1892-இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன், கணிதம் கற்பித்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். இலண்டனில் பயின்றபோது கடையொன்றில் ஒரு பொம்மைப் பெட்டியைக் கண்டார். அதே துண்டுகளை மாற்றிப் பூட்டினால் வேறு வேறு பொம்மைகள்! பொருளையும் அவ்வாறே பூட்டலாமே என்றெண்ணினார். 1933-இல் அவருடைய முக்காற்புள்ளிப் பகுப்புமுறை வெளிவந்தது.

காடாம்புலியூர் இளைஞர் ஒருவர், 2011 டிசம்பரில் வீசிய 'தானே' புயலால் கடலூர் மாவட்டத்து முந்திரி அழிந்த வரலாற்றைத் தேடுகிறார் என்று கொள்வோம். பேழை முறையில் அந்நூல் வேளாண்மையில் கிடக்குமா, புயலில் கிடக்குமா? ஏதேனும் ஓரிடம்தான், மற்றோரிடத்தில் தேடுவோர் வெறுங்கையோடு திரும்புவர். இரங்கநாதனோ பொருளைக் கூறுபடுத்தினார்: முந்திரி என்னும் தனிப்பொருள், அதற்கு நேர்ந்த கேடு, கடலூர் என்னும் இடம், 2011 என்னும் காலம். கூறுகளைக் கோத்தால் குறியீடு பிறக்கும். அக்குறியீட்டின் ஒவ்வொரு கண்ணியிலிருந்தும் நூற்பட்டிக்கு ஒரு தலைப்புக் கிடைக்கும். எந்த வாயிலில் தட்டினாலும் நூல் கிட்டும்!

அவர் முறையில் தமிழ், திராவிட மொழிகளின் தலையில் 31 என்ற எண்ணோடு நிற்கிறது. மகிழ்ச்சி. ஆனால் மத வரிசையில் முதலிடம் வேத மதத்திற்கு! போதாக்குறைக்கு, ஆன்மிக அனுபவத்திற்கென்று அறிவியல்களுக்கும் மானிடவியல்களுக்கும் நடுவே தனிப்பீடம். டூயி தம் வீட்டுச் சாமியை முன்வைத்தார். இவர் தம் வீட்டுச் சாமியை. கருவி கூர்மையானது, பிடித்த கையை மறக்க இயலுமோ?

எனினும் அவர் பிரித்துக் காட்டிய மூன்று தளங்கள் நிலைத்துவிட்டன: கருத்து, சொல், குறியீடு. 2010-இல் பன்னாட்டு நூலகக் கூட்டமைப்பு ஒப்பிய பொருள்மாதிரியும் இதற்கு அண்மையிலேயே நிற்கிறது. கருத்து வேறு, அதன் பெயர் வேறு என்பதே அதன் அடித்தளம். பண்ணுருட்டியில் முந்திரிக்கொட்டை, குமரியில் கொல்லாங்கொட்டை. கரு ஒன்று, பெயர் பல. எப்பெயர் தலைப்பாவது, எப்பெயர் 'அங்கே காண்க' என்று ஒதுங்குவது என்பதில்தான் ஆதிக்கம் நுழைகிறது.

அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தின் பட்டியலில், உரிய ஆவணமின்றிக் குடியேறிய மாந்தருக்குச் 'சட்டவிரோத அன்னியர்' என்பதே நெடுங்காலம் தலைப்பு. அதை நீக்குக என 2014-இல் முதலில் கோரியோர் டார்ட்மவுத் கல்லூரி மாணவர்கள். நூலகம் 2016-இல் இசைந்தது. நாடாளுமன்றத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. 2021 நவம்பரில்தான் அத்தலைப்பு வீழ்ந்தது.