டிராகன் பழமா, கமலமா?

இங்கே அகமதாபாத்தில் டிராகன் பழம் கேட்டால், கடைக்காரர் "கமலமா?" என்று திருப்பிக் கேட்கிறார். 2021 ஜனவரியில், அப்போதைய முதல்வர் விஜய் ரூபானி அறிவித்த பெயர் அது. தாமரை மாதிரி இருக்கிறதாம். காந்திநகரில் அவர் கட்சி அலுவலகத்தின் பெயரும் கமலம்தான் என்று சிலர் சிரித்தார்கள்!

பெயர் மாறுவது இதற்குப் புதிதல்ல. பிறந்த இடம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கம், அங்கே பித்தாயா. வியட்நாமுக்குக் கொண்டுபோனவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் என்பார்கள். அங்கே 'தான் லோங்', அதாவது பச்சை டிராகன்.

சாப்பிடுவது சுலபம். தொட்டால் லேசாக அமுங்கும் பழமாக வாங்கி, ஃபிரிட்ஜில் வைத்து, நெடுக்காக வெட்டி, கரண்டியால் வழித்தெடுக்க வேண்டியதுதான். வெள்ளைப் பழம் சப்பென்றிருந்தால் எலுமிச்சைச்சாறு, துளி உப்பு.

ஊரிலிருந்து வந்த அம்மா ஒரு துண்டு தின்றுவிட்டு, "கள்ளிப்பழம்டா இது" என்றார். சரிதான்! இதுவும் சப்பாத்திக்கள்ளியும் ஒரே குடும்பம். நம்மூர் வேலியோரக் கள்ளியும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். முள்ளைத் தேய்த்து அதைத் தின்ற தலைமுறை அம்மாவுடையது.

இங்கே பிறந்த என் பிள்ளைகளுக்கு இது கமலம். இருக்கட்டும். கள்ளிப்பழம் என்ற பெயரையும் அன்றே சொல்லிக்கொடுத்துவிட்டேன்.