கோபத்திற்கு ஓர் அத்தியாயம்

இராஜபாளையத்தில் ஒரு வீட்டில் எழும் கோபம் அங்கேயே அடங்காவிட்டால் முதலில் ஜமாஅத்தாரிடம் வரும். அங்கும் தீராவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்திற்குச் செல்லும். விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் அங்குதான் இருக்கிறது. பேருந்தில் சிறிது நேரப் பயணமே. ஆயினும் அந்தப் பயணத்தைத் தொடங்கிய கணவன் மனைவியர் மீண்டும் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்வது அரிது.

கோபக்காரரை நம்மிடம் அழைத்து வருகிறவர்கள் ஓதிப் பார்க்கவோ புத்தி சொல்லவோ கேட்பார்கள். நாமும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்ததைச் சொல்கிறோம். ஷைத்தானை விட்டு அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேட வேண்டும்; நின்றிருந்தால் அமர வேண்டும், அப்போதும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ள வேண்டும்; ஒளுச் செய்ய வேண்டும். இவை கோபம் எழுந்த கணத்திற்குரியவை. அந்தக் கணம் வருமுன்பே மனத்தைப் பழக்கும் முறை ஒன்றும் நம் முன்னோரிடம் இருந்தது. அதை நாம் மறந்துவிட்டோம்.

அபூ ஸைத் அல்-பல்கீ ஏறத்தாழ கி.பி. 850-இல், இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்கு நகரின் அருகே பிறந்தவர், 934-இல் மறைந்தார். அறிஞர் அல்-கிந்தியின் மாணவர். புவியியல் வரலாற்றில் வரைபடங்களுக்காகப் பெயர் பெற்றவர். அவருடைய 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்னும் நூலின் முதற்பகுதி உடல்நலத்தைப் பேசுகிறது. இரண்டாம் பகுதி எட்டு அத்தியாயங்களில் மனநலத்தைப் பேசுகிறது. கோபம், அச்சம், துயரம், வஸ்வாஸ் என்னும் ஓயாத எண்ணங்கள் ஆகிய நான்கிற்கும் தனித்தனி அத்தியாயம் உண்டு.

உடல் நன்றாக இருக்கும்போதே அவசர மருந்துகளை வீட்டில் வாங்கி வைக்கிறோம் அல்லவா? அவ்வாறே மனம் அமைதியாக இருக்கும்போதே நல்ல சிந்தனைகளைச் சேர்த்து வைத்து, கொந்தளிக்கும் வேளையில் எடுத்துத் தனக்குத்தானே சொல்லிக்கொள்ள வேண்டும் என்கிறார் பல்கீ. பிறருடைய அறிவுரை வெளியிலிருந்து வரும் மருந்து. தன் சிந்தனை உள்ளிருந்து வரும் மருந்து. இரண்டும் தேவை என்பது அவர் கருத்து.

அவருக்குப் பின் வந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) (1058–1111), இஹ்யாவில் கோபத்தைப் பற்றி எழுதும்போது இன்னும் ஆழமாகச் செல்கிறார். கோபத்தை விழுங்கவிடாமல் உன்னைத் தடுக்கும் எண்ணம் எது என்று தேடிப் பார்க்கச் சொல்கிறார். இப்போது அடங்கிப்போனால் மக்கள் உன்னை இளக்காரமாக நினைப்பார்கள் என்று ஷைத்தான் ஓதுவதே அந்த எண்ணம். மக்கள் முன் சிறுமைப்பட அஞ்சும் நீ, மறுமையில் சிறுமைப்பட அஞ்சவில்லையா என்பது அதற்கு அவர் தரும் பதில். எண்ணத்தை முதலில் பிடித்து நிறுத்துகிறார். பிறகு அதற்கு வேறோர் எண்ணத்தை எதிர்நிறுத்துகிறார்.

நம் ஊர்களில் அந்த எண்ணத்தின் பெயர் மானம். "நாலு பேர் முன்னாடி மரியாதை போச்சே", "மச்சான் வீட்டில் என்னை மதிக்கவில்லை", "தம்பி எதிர்த்துப் பேசிவிட்டான்." நூற்பாலையில் இரவு ஷிப்டு முடித்து வந்தவருக்கு ஆறிய சோறுகூட அவமதிப்பாகத் தோன்றும். சோறு ஆறியது நிகழ்ச்சி; 'என்னை மதிக்கவில்லை' என்பது அவராகக் கொடுத்த பொருள். கையை ஓங்க வைத்தது இரண்டாவதுதான்.

இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவதே இன்றைய அறிதல்சார் நடத்தை சிகிச்சையின் அடிப்படை. 1950களில் ஆல்பர்ட் எல்லிஸும் 1960களில் ஆரோன் பெக்கும் அமெரிக்காவில் இதற்கு வடிவம் தந்தனர். ரேமண்ட் நொவாக்கோ 1975-இல் கோபத்திற்கென்றே இம்முறையை விரித்து நூல் எழுதினார். கோபமூட்டும் சூழலைக் கற்பனையில் கொண்டுவந்து, அதில் சொல்லிக்கொள்ள வேண்டிய சொற்களை அமைதியான வேளையில் ஒத்திகை பார்ப்பது இச்சிகிச்சையின் ஒரு பகுதி. பல்கீயின் மருந்துப் பெட்டி நினைவுக்கு வருகிறது. இதற்காக, எல்லாம் நம்மிடமிருந்து போனவை என்று மார்தட்டுவதில் நமக்கு உடன்பாடில்லை. பல்கீயின் சுவடி இஸ்தான்புல் நூலகத்தில் உறங்கிக் கிடந்தது. சோதித்து, அளந்து, சிகிச்சையாக வளர்த்தவர்கள் பிறரே.

சூடான் நாட்டு உளவியலாளர் மாலிக் பத்ரீ (1932–2021) பல்கீயின் மனநலப் பகுதியை 2013-இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். மேற்கத்திய உளவியலை அப்படியே விழுங்கும் முஸ்லிம் உளவியலாளர்களை 1979-இலேயே ஒரு நூலில் கண்டித்தவர் அவர். ஆனால் சிகிச்சை முறையை அவர் தள்ளிவிடவில்லை. நோயாளியின் ஈமானையும் பண்பாட்டையும் அறிந்து அதைக் கையாளச் சொன்னார். நம் பிள்ளையிடம், "அத்தாவின் முகத்துக்கு நேரே அவர் தவறைச் சொல்" என்று ஓர் ஆலோசகர் பயிற்சி தந்தால், அன்றிரவே வீடு இரண்டாகும். அதே செய்தியைப் பெரியத்தா வழியாகவோ தாய்மாமன் வழியாகவோ சொல்லப் பழக்கினால் பலன் கிடைக்கும்.

தாமதத்தின் விலையை ஃபிக்ஹு நூல்களே காட்டுகின்றன. இப்னுல் கய்யிம் (ரஹ்) (மறைவு 1350) கோபத்தில் சொன்ன தலாக்கைப் பற்றியே தனி நூல் எழுதி, கோபத்தை மூன்று படிகளாகப் பிரித்தார். அறிவு தெளிவாக இருக்கும் தொடக்கப் படியில் தலாக் நிகழும்; சொல்வது இன்னதென்றே தெரியாத உச்சத்தில் நிகழாது. இடைப்பட்ட படியில்தான் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு. நம்மிடம் வரும் குடும்பங்கள் பெரும்பாலும் இந்த நடுப்படியில் நிற்பவையே.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 'ஸப்ரு செய்' என்னும் அறிவுரை நம் மஹல்லாக்களில் அடிப்பவருக்குக் கிடைப்பதைவிட அடிபடுபவளுக்கே அதிகம் கிடைக்கிறது. ஆலு இம்ரான் 134-ஆம் வசனம் கோபத்தை விழுங்குவோரைப் புகழ்கிறது. அங்கு வரும் 'கழ்ம்' என்னும் சொல்லுக்கு, நிரம்பிய தோல்பையின் வாயைக் கட்டுதல் என்பது மூலப்பொருள். நிரம்பியிருப்பது யாருடைய பையோ அவரே கட்ட வேண்டும்.

கட்ட இயலாதவருக்கு அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. விருதுநகரில் 2022 முதல் மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. வெளியே தெரிந்தால் அவமானம் என்று தயங்குவோர் 14416 என்னும் இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம். அடிபடும் பெண்களுக்கான எண் 181.