கண்டி வீதியின் கதை

மலையும் காடுமே கண்டி அரசுக்கு நெடுங்காலம் அரணாய் நின்றன. 1815-இல் அதனைக் கைக்கொண்ட ஆங்கிலேயர், 1818-இல் கிளர்ச்சியை அடக்கியபின், மலைநாட்டை ஆளுதற்கு நல்ல வீதி இன்றியமையாதது எனக் கண்டனர். தேசாதிபதி எட்வட் பான்ஸ் முயற்சியால் கொழும்பு-கண்டி வீதி எழுந்தது.

பாறை பிளந்து மண் சுமந்தோர், இராசகாரியம் என்னும் கூலியில்லாக் கட்டாய ஊழியத்திற்கு அழைக்கப்பட்ட குடிமக்கள். அவ்வழக்கம் 1832-இல் நீக்கப்பட்டது. அதே ஆண்டில், வீதி அமைத்த பொறியியலாளர் கப்டன் டோசன் நினைவாகக் கடுகண்ணாவையில் கோபுரம் எழுப்பப்பட்டது. ஊழியம் செய்தோர் பெயர் அதில் இல்லை.

துவிச்சக்கரவண்டியில் அம்மேட்டை மிதித்தேறி, கோபுரத்தடியில் இளைப்பாறும் இளைஞர் ஒன்றை நினைத்தல் தகும்: டோசனுக்குக் கோபுரம் நினைவுச்சின்னம், அக்குடிமக்களுக்கோ, தாம் ஏறிவந்த வீதியே நினைவுச்சின்னம்.