கதையுடன் சென்ற கடிதம்: தமிழ்ச் சிறுகதை இதழ்களும் உறுதிமொழி மரபும்

திறவுச்சொற்கள்: சிறுகதை, இதழியல், உறுதிமொழிக் கடிதம், தழுவல், புனைபெயர், பதிப்பியல்

தமிழ்ச் சிறுகதையின் வரலாறு பெரிதும் இதழ்களை ஆதாரமாகக் கொண்டே எழுதப்பட்டுவருகிறது. ஒரு கதை எந்த ஆண்டில், எந்த இதழில், எந்தப் பெயரில் வெளிவந்தது என்பதே அவ்வரலாற்றின் அடிப்படைச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. ஆனால் அச்சேறுவதற்கு முன் அக்கதை எழுத்தாளரிடமிருந்து ஆசிரியரின் மேசையை அடைந்த வழி நம் ஆய்வுகளில் போதிய கவனம் பெறவில்லை. அவ்வழியில் கதையுடன் ஒரு சிறு கடிதமும் சென்றது. தமிழில் அக்கடிதம் எழுத்தாளர் தம்மை அறிமுகம் செய்துகொள்ளும் மடலாக வளராமல், ஓர் உறுதிமொழிப் பத்திரமாக நிலைபெற்றது. அதற்கான பின்புலத்தைத் தழுவல் பற்றிய இலக்கியப் பூசலில் தேட வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதமாகும்.

கடிதத்தின் வடிவம்

தமிழ் வார, மாத இதழ்களுக்குக் கதை அனுப்பியோர் அனைவரும் அறிந்த வாசகம் ஒன்றுண்டு. இத்துடன் இணைத்துள்ள கதை என் சொந்தக் கற்பனையே. இது தழுவலோ மொழிபெயர்ப்போ அன்று. வேறு எந்த இதழிலும் வெளிவரவில்லை. வேறு எந்த இதழின் பரிசீலனையிலும் இல்லை. இதன் கீழ்க் கையொப்பம், மெய்ப்பெயர், முழு முகவரி. கதை ஏற்கப்படாவிடில் திருப்பி அனுப்புவதற்காகத் தபால்தலை ஒட்டிய சுயவிலாசமிட்ட உறையும் உடன் வைக்கப்படும். எழுதுபவர் யார், இதற்கு முன் என்னென்ன எழுதியவர், இக்கதை எதைப் பற்றியது என்பனவற்றுக்கு இவ்வடிவத்தில் இடமில்லை.

அமெரிக்க இதழ் மரபோடு ஒப்பிட்டால் இவ்வேறுபாடு துலங்கும். அங்குச் சொற்கணக்கில் ஊதியம் வழங்கிய இதழ்கள் பல. ஆதலின் கதையின் சொல் எண்ணிக்கையைக் குறிப்பிடுவதும், முன்பு வெளிவந்த படைப்புகளைச் சுருக்கமாகச் சுட்டுவதும் வழக்கமாயின. தமிழில் சன்மானம் பெரும்பாலும் கதைக்கு இவ்வளவு என்று வழங்கப்பட்டது. சொல்லை எண்ண வேண்டிய தேவை எழவில்லை. பக்க அளவே போதுமானதாக இருந்தது. தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுக என்னும் நிபந்தனையும்கூட அச்சுக்கோப்பவரின் வசதிக்காக ஏற்பட்டதே. கைப்பிரதியின் தாள்களைப் பிரித்து இருவர் மூவர் ஒரே நேரத்தில் எழுத்துக் கோப்பதற்கு அது உதவியது.

அக்கடிதங்கள் பெரும்பாலும் எஞ்சவில்லை. ஆயினும் அவை எவ்வாறு அமைந்திருக்க வேண்டும் என்று ஆணையிட்ட அறிவிப்புகள் இதழ்ப் பக்கங்களில் அச்சாகியுள்ளன. போட்டி விதிகளும், படைப்பாளர்களுக்கான குறிப்புகளும் இவ்வகையில் சான்றாகின்றன. கதைகளை மட்டும் எண்ணிமப்படுத்திவிட்டு இத்தகைய அறிவிப்புப் பக்கங்களை விலக்கும் தொகுப்புகள் ஆய்வாளருக்குப் பேரிழப்பையே தருகின்றன.

தழுவல் என்னும் ஐயம்

உறுதிமொழியின் முதல் வாசகம் கதையின் சொந்தத்தன்மையைப் பற்றியதாக அமைந்தது தற்செயலன்று. தமிழ்ச் சிறுகதை தன் தொடக்கத்திலேயே இக்கேள்வியை எதிர்கொண்டது. 1915இல் விவேகபோதினி இதழில் வெளிவந்த வ.வே.சு. ஐயரின் ‘குளத்தங்கரை அரசமரம்’ முதல் தமிழ்ச் சிறுகதை என்று நெடுங்காலம் பாடநூல்களில் சுட்டப்பட்டது. அதன் கதைசொல்லும் உத்தி தாகூரின் வங்கக் கதையொன்றைத் தழுவியது என்பது இன்று ஆய்வுலகம் நன்கறிந்த செய்தி. தாகூரில் படித்துறை பேசுகிறது. ஐயரில் அரசமரம் பேசுகிறது.

முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இவ்வையம் வெளிப்படையான பூசலாக வெடித்தது. கல்கியின் தழுவல்களைப் புதுமைப்பித்தன் கடுமையாகச் சாடினார். மூலத்தைக் குறிப்பிட்டு மொழிபெயர்ப்பதே நேரிய வழி, தழுவல் என்பது இலக்கியத் திருட்டு என்பது அவரது நிலைப்பாடு. அவர் தாமே பிறமொழிக் கதைகள் பலவற்றைத் தமிழாக்கியவர். புதுமைப்பித்தனின் கதைகள் சிலவே மாப்பசானைத் தழுவியவை என்ற விவாதம் பின்னர் எழுந்தமை இப்பூசலின் முரண்.

அக்காலச் சட்டம் இதற்குத் தெளிவான விடை தரவில்லை. 1914ஆம் ஆண்டு இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், இந்தியாவில் முதலில் வெளியான நூல்களின் மொழிபெயர்ப்பு உரிமையைப் பொதுவாகப் பத்தாண்டுகளுக்கு மட்டுமே வரையறுத்தது. 1957ஆம் ஆண்டுச் சட்டம் 1958 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபின் நிலைமை மாறியது. எனினும் சட்டம் கேட்ட கேள்வி வேறு, இதழ் கேட்ட கேள்வி வேறு. மூல ஆசிரியரின் இசைவு பெறப்பட்டதா என்பது சட்டத்தின் கேள்வி. இக்கதையை வேறெங்கோ படித்திருக்கிறோம் என்று வாசகர் எவரும் நாளை கடிதம் எழுதுவாரா என்பது ஆசிரியரின் கேள்வி. அச்சத்தின் திசை நீதிமன்றத்தை நோக்கியதன்று, வாசகரை நோக்கியது.

இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. புதுமைப்பித்தன் மொழிபெயர்ப்பையும் தழுவலையும் எதிரெதிராக நிறுத்தினார். உறுதிமொழி வாசகமோ ‘தழுவலோ மொழிபெயர்ப்போ அன்று’ என இரண்டையும் ஒரே மூச்சில் மறுக்கச் செய்தது. தழுவலைக் கண்டித்த குரலின் ஒரு பாதியை மட்டும் இதழியல் வழக்கம் எடுத்துக்கொண்டது என்றே கூற வேண்டும். மற்றப் பாதி, அதாவது மொழிபெயர்ப்புக்கு அவர் கோரிய மதிப்பு, விடுபட்டது. வெகுசன இதழ்களின் சிறுகதைப் பக்கம் சொந்தக் கற்பனைக்கு உரியதாகவும், மொழிபெயர்ப்பு தனி அனுமதிக்கு உரிய விதிவிலக்காகவும் பிரிந்தமையை இதனோடு இணைத்துக் காணலாம்.

கடிதம் வேண்டாத இடம்

எல்லா இதழ்களிலும் இவ்வழக்கம் ஒருபடித்தாக இருந்ததில்லை. 1933இல் தொடங்கப்பட்டு, 1935இல் பி.எஸ். ராமையாவின் பொறுப்பில் சிறுகதை இதழாக மாறிய மணிக்கொடியைச் சூழ்ந்திருந்தோர் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். மௌனிக்கு அப்புனைபெயரைச் சூட்டியவரே ராமையாதான். எழுத்தாளரின் பெயரையே ஆசிரியர் இட்ட இடத்தில் எழுத்தாளரின் அறிமுகக் கடிதத்திற்கு என்ன வேலை? முன்பின் அறியாதவர்களிடமிருந்து கதைகள் வந்து குவிந்த வெகுசன இதழ்களுக்கே உறுதிமொழி தேவைப்பட்டது. அறிமுகமும் நட்பும் ஆற்றிய பணியை அங்கு ஒரு கையொப்பம் ஆற்றியது.

புனைபெயரும் மெய்ப்பெயரும்

பதிப்பியல் நோக்கில் இக்கடிதத்தின் மதிப்பு வேறொரு காரணத்தால் உயர்கிறது. புனைபெயர், மெய்ப்பெயர், முகவரி, நாள் ஆகிய நான்கும் ஒரே தாளில், எழுத்தாளரின் கைப்பட அமைந்த ஆவணம் அது. ரா. கிருஷ்ணமூர்த்தி நவசக்தியில் பணியாற்றியபோதே கல்கி என்ற பெயரில் ஆனந்த விகடனுக்கு எழுதி அனுப்பினார். சொ. விருத்தாசலம் புதுமைப்பித்தன் என்றும், சொ.வி. என்றும், ரசமட்டம் என்றும் எழுதினார். எஸ். ரங்கராஜன், ரா.கி. ரங்கராஜனோடு பெயர்க்குழப்பம் நேராதிருக்கத் தம் மனைவியின் பெயரில் சுஜாதா ஆனார். இவர்களைப் பற்றி நாம் அறிவது புகழ் பெற்றபின் எழுந்த நினைவுக்குறிப்புகளாலும் வாழ்க்கை வரலாறுகளாலும் ஆகும். இரண்டு மூன்று கதைகளோடு எழுத்தை நிறுத்திக்கொண்டவர்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை. பெண் பெயரில் வெளிவந்த ஒரு கதையை எழுதியவர் பெண்ணா ஆணா என்பதை அச்சுப் பிரதியைக் கொண்டு மட்டும் முடிவுசெய்ய இயலாது. பெண்ணெழுத்து வரலாறு எழுதுவோர் இதழ்ப் பெயர்ப்பட்டியலை அப்படியே சான்றாக ஏற்பது ஆபத்தானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

ஆ.இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த ‘புதுமைப்பித்தன் கதைகள்’ (காலச்சுவடு, 2000) கதைகளைக் கால வரிசையில் நிறுத்தி, பாடவேறுபாடுகளையும் தந்தது. அப்பதிப்பு அடிப்படையாகக் கொள்ளும் கால வரிசை வெளியீட்டின் வரிசை. எழுதப்பட்ட வரிசையும் அதுவேயாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஓர் இதழில் பல மாதங்கள் கிடந்த கதைக்குப் பின் எழுதப்பட்டது வேறோர் இதழில் முந்தி அச்சாகலாம். கடிதத்தின் தலைப்பிலுள்ள நாள் அவ்விடைவெளியைக் காட்டக்கூடியது.

கடிதங்கள் கிடைக்காத நிலையில் நாட வேண்டிய இடம் கணக்குப் பிரிவு. சன்மானம் மணியார்டர் வழியே அனுப்பப்பட்ட காலத்தில், பணம் பெற்றவர் கையொப்பமிட்ட ஒப்புகைச் சீட்டு அனுப்பியவருக்கே திரும்பி வந்தது. புனைபெயருக்கு அஞ்சல்காரர் பணம் கொடுப்பது எளிதன்று. எனவே அதில் மெய்ப்பெயரும் ஊரும் இருந்தே தீரும். வெளியான கதையின் கைப்பிரதியையும் கடிதத்தையும் வைத்திருக்க ஆசிரியர் குழுவுக்குக் காரணம் இல்லை. வழங்கிய தொகைக்குச் சான்று வைத்திருக்கக் கணக்கருக்குக் காரணம் உண்டு. நின்றுபோன இதழ்களின் உரிமையாளர் குடும்பங்களை அணுகும் ஆய்வாளர்கள் இலக்கியக் கடிதங்கள் உளவா என்று கேட்பதோடு, பழைய வரவுசெலவுப் பேரேடுகளும் மணியார்டர் ஒப்புகைச் சீட்டுக் கட்டுகளும் உளவா என்றும் கேட்க வேண்டும்.