முஹம்மத் ஹுஸைன் இனோகி: இரு வரிகளுக்கு இடையில்

'பயில்வான்', 'குஸ்தி' என்ற இரண்டு சொற்களும் பாரசீகத்திலிருந்து நம்மிடம் வந்தவை. பஹ்லவான் என்பதும் குஷ்தி என்பதும் தமிழ் நாவில் இப்படித் திரிந்தன. சொற்களோடு கூடவே அந்தக் கலை மீதான மரியாதையும் வந்து சேர்ந்திருக்க வேண்டும். தாராசிங், கிங்கொங் என்று பேச ஆரம்பித்தால் நமது மூத்த தலைமுறையினரின் கண்களில் இன்றும் ஒரு வெளிச்சம் தெரிகிறது. தொலைக்காட்சியில் 'றெஸ்லிங்' பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது இல்லை. "அதெல்லாம் நடிப்பு வாப்பா" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுகிறார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மைதான். தொழில்முறை மல்யுத்தத்தில் யார் வெல்வது என்பது அரங்கில் ஏறுமுன்பே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது.

அந்தத் தொழிலில் முப்பத்தேழு ஆண்டுகளுக்கு மேல் நின்ற யப்பானியர் அந்தோனியோ இனோகி. முஹம்மத் அலியுடன் மோதியவர், பின்னர் இஸ்லாத்தைத் தழுவியவர் என்ற இரண்டு வரிகளோடு நமது பத்திரிகைகள் அவரை முடித்துவிடுவது வழக்கம். 'இஸ்லாத்தைத் தழுவிய பிரபலங்கள்' என்ற பட்டியலில் ஒரு பெயர், அவ்வளவுதான். ஆனால் இந்த இரு வரிகளுக்கும் இடையில் கராச்சியில் ஒரு முஸ்லிம் பயில்வானின் தோள் குலைந்து போயிருக்கிறது. என் பார்வையில் இனோகியின் வரலாற்றை அங்கிருந்துதான் வாசிக்க வேண்டும்.

1943இல் யொக்கஹாமாவில் பிறந்தவர். இயற்பெயர் கன்ஜி இனோகி. யுத்தத்துக்குப் பிந்திய வறுமையில் குடும்பம் 1957இல் பிரேசிலுக்குக் கப்பலேறியது. பாட்டனார் வழியிலேயே மௌத்தானார். பதினான்கு வயதுப் பையன் கோப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்தான். குண்டெறிதல், தட்டெறிதல் போட்டிகளிலும் பெயர் எடுத்தான். 1960இல் சாவோ பாவுலோ வந்த மல்யுத்த வீரர் ரிக்கிடோசன் அவனைக் கண்டு யப்பானுக்குத் திருப்பி அழைத்துப் போனார். அதே ஆண்டு செப்டெம்பர் 30இல் முதல் ஆட்டம்.

இந்த ரிக்கிடோசனைப் பற்றிச் சற்றுச் சொல்லியாக வேண்டும். யுத்தத்தில் தோற்றுக் கூனிப்போயிருந்த யப்பானில், பருத்த அமெரிக்கர்களைக் கையால் வெட்டுவதுபோல் அடித்து வீழ்த்திக் காட்டியவர் அவர். வீதியோரத் தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன்னால் கூட்டம் கூட்டமாக நின்று சனங்கள் ஆரவாரித்தனர். ஆனால் யப்பானின் அந்தத் தேசிய வீரர் உண்மையில் ஒரு கொரியர். இன்றைய வடகொரியப் பகுதியில் பிறந்தவர். அதை மறைத்துத்தான் அவர் வாழ வேண்டியிருந்தது. 1963இல் டோக்கியோவின் இரவு விடுதியொன்றில் கத்தியால் குத்தப்பட்டு ஒரு வாரத்தில் இறந்தார். மேடையில் காட்டுவதற்கும் உள்ளே இருப்பதற்கும் இடையிலான தூரத்தை இனோகி முதலில் பார்த்தது இந்தக் குருவிடம்தான்.

1972இல் இனோகி சொந்தமாகவே ஒரு மல்யுத்த நிறுவனத்தை ஆரம்பித்தார். எல்லாச் சண்டைக் கலைகளிலும் மல்யுத்தமே வலியது என்பது அவரது விடாத வாதம். அதை நிறுவுவதற்கென்றே 1976 பெப்ரவரியில் ஒலிம்பிக் யூடோ வீரர் வில்லெம் ருஸ்காவுடன் மோதினார். முடிவு முன்பே பேசப்பட்ட ஆட்டம்தான் அது. அதே ஆண்டு ஜூன் 26இல் டோக்கியோ புடோகான் அரங்கில் அலியுடன் மோதினார். அலி அப்போது உலகச் சாம்பியன். அவருக்கு அறுபது இலட்சம் டொலர் பேசப்பட்டிருந்தது.

இந்த ஆட்டம் முன்கூட்டித் தீர்மானிக்கப்பட்ட ஒன்றல்ல என்றே பெரும்பாலானோர் ஒப்புக்கொள்கின்றனர். அதனால்தானோ என்னவோ, அது பார்க்கச் சகிக்காததாகவும் இருந்தது. பதினைந்து சுற்றுகளில் பெரும்பகுதியை இனோகி தரையில் மல்லாந்து கிடந்தே கழித்தார். கிடந்தபடி அலியின் காலில் உதைத்தார். அலி எழுந்து வா என்று ஏசினார். அலி விட்ட குத்துகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். சமநிலை என்று அறிவித்ததும் சனங்கள் கையில் கிடைத்ததையெல்லாம் வீசியெறிந்தார்கள். ஆட்டத்துக்குச் சில நாட்களுக்கு முன் விதிகளை மாற்றித் தம் கையைக் கட்டிவிட்டார்கள் என்பது இனோகி தரப்பின் முறைப்பாடு. அலியின் கால்களோ வீங்கி இரத்தம் கட்டி, அவர் வைத்தியசாலையில் சேர வேண்டியதாயிற்று. நடிப்பாயிருந்தால் கால் வீங்கியிராது. உண்மைச் சண்டை அழகாக இருக்கும் என்று நம்புகிறவர்கள் அந்தப் படத்தைத் தேடிப் பார்க்கலாம்.

இரண்டு பேரும் பிற்காலத்தில் நண்பர்களானார்கள். அலியைப் பற்றிய படத்தின் இசையே இனோகி அரங்கில் நுழையும்போது ஒலிக்கும் இசையாயிற்று. அது அலியின் அன்பளிப்பு.

அலியோடு நின்றவர் என்ற பெயர் பாகிஸ்தானுக்கும் எட்டியது. அங்கே போலு சகோதரர்கள் என்றொரு பயில்வான் குடும்பம். 1910இல் இலண்டனில் ஸ்பிஸ்கோவை எதிர்கொண்டு பட்டம் வென்று வந்த மகா காமாவின் தம்பி இமாம் பக்‌ஷின் பிள்ளைகள். காமா 1960இல் லாகூரில் காலமானார். தோல்வியே காணாதவர் என்று துணைக்கண்டம் முழுவதும் புகழப்பட்டவர். அந்தப் பெயரின் பாரம் இந்தப் பிள்ளைகளின் தோளில் இருந்தது. அவர்களில் ஒருவரான அக்ரம் பயில்வான் இனோகிக்குச் சவால் விட்டார்.

1976 டிசம்பர் 12. கராச்சி தேசிய மைதானம். தாம் வழமையான காட்சி ஆட்டம் என்று எண்ணியே வந்ததாகவும், இது மெய்யான சண்டை என்பது அங்கு போன பிறகே தெரிந்ததாகவும் யப்பானியர் சொல்கின்றனர். அக்ரம் தரப்புக்கோ அது குடும்ப மானம். அக்ரமுக்கு வயது நாற்பதைக் கடந்திருந்தது, இனோகிக்கு 33. பிடியில் சிக்கிய அக்ரம் கடித்தார் என்றும் இனோகி கண்ணில் விரலை விட்டார் என்றும் கதைகள் உண்டு. மூன்றாம் சுற்றில் இனோகி கையைப் பின்னுக்கு முறுக்கிப் பிடித்தார். அக்ரம் விட்டுக்கொடுக்கவில்லை. காமாவின் குடும்பத்தில் விட்டுக்கொடுப்பது எப்படி என்று யாருக்கும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். தோள் குலைந்தது. ஆட்டம் நிறுத்தப்பட்டது. பல்லாயிரம் பேர் கூடியிருந்த மைதானம் அடங்கிப்போனது.

விட்டுக்கொடுக்க மறுத்தவரைப் புகழ்வது இலகு. ஆனால் வயது கடந்த ஒரு மனிதனைத் தன் பெயருக்காக அரங்கில் ஏற்றிய குடும்பத்தின் மீதும், ஏற்றிவிட்டு வேடிக்கை பார்த்த சனங்களின் மீதும் எனக்குக் கோபம் வராமலில்லை. தோற்றால் மானம் போகும் என்ற எண்ணத்தை ஒருவன் தலையில் எல்லோருமாகச் சேர்ந்து சுமத்திவிட்டு, எலும்பு போனதும் "அடடா" என்பது நமக்குப் புதிதல்ல.

1979 ஜூனில் இனோகி மீண்டும் பாகிஸ்தான் போனார், இம்முறை லாகூருக்கு. எதிரில் நின்றவர் அக்ரமின் சகோதரர் அஸ்லமின் மகன் ஜாரா. இருபது வயதும் நிரம்பாத இளைஞர். ஐந்து சுற்றுகள் முடிந்தும் எவரும் வீழவில்லை. அப்போது இனோகி ஜாராவின் கையைப் பிடித்து உயர்த்தினார். யப்பானியக் கணக்கில் இது சமநிலை. லாகூரில் கேட்டால் ஜாராவின் வெற்றி. முடிவு எதுவாயினும், அந்தக் கை உயர்ந்ததை எல்லோரும் பார்த்தார்கள். கராச்சியில் தான் வென்றது எப்படிப்பட்ட வெற்றி என்று இனோகி அறிந்திருந்தார் என்றே நான் அதை வாசிக்கிறேன். ஜாரா நீண்ட காலம் வாழவில்லை. 1991இல், முப்பது வயதளவில் மரணமானார்.

1989இல் இனோகி 'விளையாட்டு சமாதானக் கட்சி' என்றொன்றை அமைத்து யப்பானிய மேல்சபைக்குத் தெரிவானார். மறு ஆண்டு ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தது. அங்கிருந்த வெளிநாட்டவர் பலர் பணயக் கைதிகளாகத் தடுத்து வைக்கப்பட்டனர். யப்பானியரும் அவர்களில் அடக்கம். யப்பானிய அரசு விரும்பாதபோதும் இனோகி பக்தாத் போனார். டிசம்பர் தொடக்கத்தில், கைதிகளின் குடும்பத்தாரையும் அழைத்துக்கொண்டு போய் அங்கே விளையாட்டும் இசையுமாக ஒரு சமாதான விழா நடத்தினார். யப்பானியர் விடுதலையாயினர். அதே நாட்களில்தான் முஹம்மத் அலியும் பக்தாத் போய்ப் பதினைந்து அமெரிக்கர்களை மீட்டு வந்தார். புடோகானில் ஒருவரை ஒருவர் நெருங்க முடியாமல் நின்ற இருவரும் பதினான்கு ஆண்டுகளின் பின் ஒரே ஊரில் ஒரே வேலைக்காகப் போயிருக்கிறார்கள்! சில நாட்களில் சதாம் எல்லாக் கைதிகளையும் விடுவதாக அறிவித்தார். ஆகவே அது அவர் எப்படியும் எடுத்திருக்கக்கூடிய முடிவு என்று வாதிடலாம். அந்தக் குடும்பங்களிடம் போய் அப்படி வாதிட எனக்குத் துணிவு வராது.

இந்தப் பயணங்களின்போதுதான் கர்பலாவில் அவர் இஸ்லாத்தைத் தழுவினார். முஹம்மத் ஹுஸைன் என்று பெயர். கர்பலாவில் வேறு எந்தப் பெயர் வாய்க்கும்? ஆனால் இச்செய்தி பரவலாகப் பேசப்பட்டது வெகு காலத்துக்குப் பிறகே. பின்னாட்களில் தம்மைப் பௌத்தர் என்றும் அவர் சொல்லிக்கொண்டார். இதைக் கேட்டதும் நம்மில் சிலர் பட்டியலிலிருந்து அவரை நீக்க அவசரப்படுகிறார்கள். முன்பு சேர்க்க அவசரப்பட்டவர்களும் அவர்களேதான். உள்ளத்தை அளக்கும் தராசு அடியார்களிடம் இல்லை. பெயருக்குப் பின்னால் இருந்த மனிதரைப் படிக்காமல் பெயரை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

1995 ஏப்ரலில் பியோங்யாங்கில் இரண்டு நாள் மல்யுத்த விழா நடத்தினார். அமெரிக்கரான ரிக் ஃப்ளெயருடன் அவரே மோதினார்; அலி வந்து பார்த்திருந்தார். கூடிய சனத்தொகையாக அன்று சொல்லப்பட்ட இலட்சக் கணக்குகளை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ரிக்கிடோசன் பிறந்த நாட்டுக்கு அவரது மாணவர் போனார் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. குரு மறைத்து வைத்ததை மாணவர் பகிரங்கமாகச் சொல்லிக்கொண்டு போனார். அதே ஆண்டுத் தேர்தலில் ஆசனத்தை இழந்தார். 1998 ஏப்ரலில் டோக்கியோவில் விடைபெறும் ஆட்டம். அதற்கும் அலி வந்திருந்தார். 2013இல் திரும்பவும் மேல்சபைக்குத் தெரிவாகி, அனுமதியின்றி வடகொரியா போனதற்காக முப்பது நாள் இடைநிறுத்தப்பட்டார்.

2012இல் பாகிஸ்தானுக்கு மீண்டும் போயிருந்தார். யப்பானிய வீரர்களைக் கூட்டிப்போய் லாகூரிலும் பெஷாவரிலும் ஆட்டங்கள் நடத்தினார். குண்டுவெடிப்புகளுக்குப் பயந்து வெளிநாட்டு அணிகள் அந்த நாட்டை எட்டிப் பார்க்காத காலம் அது. இரண்டு ஆண்டுகள் கழித்து ஜாராவின் குடும்பத்துப் பையன் ஒருவனை யப்பானுக்கு அழைப்பித்துப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார். பிரேசில் தோட்டத்தில் கோப்பி பறித்துக்கொண்டிருந்த தம்மை ரிக்கிடோசன் அழைத்து வந்ததைப் போலவே.

2022 ஒக்டோபர் 1ஆம் திகதி, 79ஆவது வயதில் இனோகி காலமானார். பாகிஸ்தான் பிரதமர் அனுதாபச் செய்தி விடுத்தார். பத்து ஆண்டுகளுக்கு முன் லாகூர் மைதானம் ஒன்றில் அவரைச் சந்தித்ததை அதில் நினைவுகூர்ந்திருந்தார்.