ஒரு பாடம் மாறும் வழி

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், கடனா நதியின் நீர் பாயும் வயல்களுக்கு நடுவே அமைந்த ஊர் ஆழ்வார்குறிச்சி. அண்மையிலுள்ள சிவசைலம் கோயிலின் அம்மன் பெயரைத் தாங்கிய ஸ்ரீ பரமகல்யாணி கல்லூரி 1963ஆம் ஆண்டிலிருந்து அங்கே இயங்கி வருகிறது. சுற்றுவட்டாரத்து உழவர் வீடுகளிலிருந்தும் பீடி சுற்றும் வீடுகளிலிருந்தும் பிள்ளைகள் அங்கே படிக்க வருகிறார்கள். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர்கள் அவர்களிடையே உண்டு.

நதியைப் பொறுத்தவரை ஆழ்வார்குறிச்சி தலைமடை. மலையிறங்கும் தண்ணீர் அதன் வயல்களைத் தொட்ட பிறகே கீழே செல்கிறது. பாடத்திட்டத்தைப் பொறுத்தவரையோ அது கடைமடை. அவ்வூர் வகுப்பறையில் எந்த நூல் விரிக்கப்பட வேண்டும், எது மூடப்பட வேண்டும் என்பது வேறெங்கோ ஓர் அறையில் முடிவாகிறது. நம் பிள்ளைகளின் மதிப்பெண்ணை ஆவலோடு கேட்டறிகிற நாம், அந்த அறையில் என்ன நடக்கிறது என்று பெரும்பாலும் கேட்பதில்லை. அதைச் சற்றே ஆற அமர நோக்குவது இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று பல்கலைக்கழகங்களின் நிழலில்

அக்கல்லூரி தொடங்கியபோது நெல்லைச் சீமையின் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 1857இல் தோன்றிய அப்பல்கலைக்கழகத்திற்கு 1923ஆம் ஆண்டின் சட்டம் கல்விக் குழு ஒன்றைத் தந்தது. பொருளையும் நிர்வாகத்தையும் கவனிக்க ஓர் அவை, கற்பிக்க வேண்டியதைக் கவனிக்க வேறோர் அவை என்னும் பிரிவினை அதனால் உறுதிப்பட்டது. பாடத்தைப் பற்றிய முடிவு பாடம் அறிந்தவர்களிடமே இருக்க வேண்டும் என்பது அதன் உட்பொருள். ஆயினும் அந்த அவை கூடிய இடம் ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஏறத்தாழ 600 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தது.

1966இல் மதுரைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. 1978இல் அது காமராசர் பெயரைப் பெற்றது. பின்னர் 1990இல், ‘மனோன்மணீயம்’ நாடகத்தை 1891இல் வெளியிட்ட பெ. சுந்தரம் பிள்ளையின் பெயரால் திருநெல்வேலியிலேயே ஒரு பல்கலைக்கழகம் எழுந்தது. அபிஷேகப்பட்டியில் அதன் வளாகம் உள்ளது. அதன் சுற்றுச்சூழல் அறிவியல் மையமோ ஆழ்வார்குறிச்சியிலேயே அமைந்தது. இவ்வாறு முப்பது ஆண்டுகள் நிறைவதற்குள் முடிவெடுக்கும் அறை சென்னையிலிருந்து மதுரைக்கும், மதுரையிலிருந்து நெல்லைக்கும் நெருங்கி வந்துவிட்டது. அறை நெருங்கிய அளவுக்கு ஊரின் குரல் அதற்குள் நுழைந்ததா என்பது வேறு கேள்வி.

ஒரு நூல் கடக்கும் வாயில்கள்

பட்ட வகுப்புக்குரிய ஒரு தாளில் புதிய நூலொன்றைச் சேர்க்க வேண்டும் என வைத்துக்கொள்வோம். அது முதலில் செல்ல வேண்டிய இடம் அந்தத் துறைக்குரிய பாடத்திட்டக் குழு. பல்கலைக்கழகத் துறையின் பேராசிரியர்களும், இணைப்புக் கல்லூரிகளிலிருந்து தேர்ந்தெடுத்து அமர்த்தப்பட்ட ஆசிரியர்களும், வெளியிலிருந்து வரும் வல்லுநரும் அங்கே கூடுவார்கள். குழுவின் பரிந்துரை கல்விசார் நிலைக்குழுவுக்குப் போகும். எல்லாத் துறைகளின் திட்டங்களையும் ஒருசேர வைத்துப் பார்ப்பது அதன் வேலை. அதற்கும் மேலே, ஆட்சிக்குழு என்னும் சிண்டிகேட். அச்சாகி வரும் பாடத்திட்டத்தின் முகப்பில், அது எந்த ஆண்டு முதல் நடைமுறைக்கு வருகிறது, எத்தனையாவது நிலைக்குழுக் கூட்டத்தில் ஒப்புதல் பெற்றது என்று குறித்திருப்பதைக் காணலாம். மாணவர்கள் கண்டுகொள்ளாமல் புரட்டிவிடும் அந்த ஒரு வரிக்குள் நீண்ட பயணம் அடங்கியிருக்கிறது.

இத்தனை வாயில்கள் எதற்கு? சிவப்பு நாடா என்று எளிதில் சலித்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு நூல் மாறினால் எத்தனை மாற வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். ஐந்து அலகுகளாகப் பகுத்த தாளில் எந்த அலகுக்கு அது பொருந்தும்? வாரத்துக்குக் கிடைக்கும் பாடவேளைக்குள் அதை முடிக்க இயலுமா? சிற்றூர்க் கல்லூரியின் நூலகத்தில் அதன் படிகள் உண்டா? இல்லையெனில் ஏழை மாணவர் விலைக்கு வாங்க முடியுமா? மாதிரி வினாத்தாள் யார் தயாரிப்பது? பழைய திட்டத்தில் சேர்ந்து அரியர் வைத்திருப்பவர் எதை எழுதுவார்? இந்தக் கடைசிக் கேள்வியின் பொருட்டே, மாற்றங்கள் பொதுவாக அடுத்த கல்வியாண்டில் புதிதாகச் சேருவோரிடமிருந்து தொடங்குகின்றன. நடுவழியில் விதியை மாற்றுவது மாணவருக்கு இழைக்கும் அநீதி என்பதை அனுபவமுள்ள ஆசிரியர் அறிவர்.

இதே தாமிரபரணிக் கரையில் வேறொரு வழியும் உண்டு. 1923இல் இயேசு சபையார் நிறுவிய பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி 1987இல் தன்னாட்சி பெற்றது. தன்னாட்சிக் கல்லூரியில் பாடத்திட்டக் குழு கல்லூரிக்குள்ளேயே கூடுகிறது. துறைத்தலைவர் தலைமை ஏற்க, துறையின் ஆசிரியர்கள் அமர்கிறார்கள். அவர்களோடு வெளிக் கல்லூரிகளின் பாட வல்லுநரும், துணைவேந்தர் அனுப்பும் வல்லுநரும், தொழில்துறையைச் சேர்ந்த ஒருவரும், சிறந்த முன்னாள் மாணவர் ஒருவரும் இடம்பெற வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் நெறி. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அது கூட வேண்டும். கற்பிப்பவரே திட்டம் வகுப்பவர் என்னும் நிலை அங்கே வாய்க்கிறது. இணைப்புக் கல்லூரி ஆசிரியருக்கோ, பல கல்லூரிகளின் சார்பில் செல்லும் சிலர் வழியாகவே குரல் உண்டு.

2020 நவம்பர்

நம் பகுதியில் இந்த வழிமுறை நாடறிய விவாதிக்கப்பட்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. மத்திய இந்தியக் காடுகளில் மாவோயிஸ்டுகளோடு தங்கி அருந்ததி ராய் எழுதிய ‘வாக்கிங் வித் த காம்ரேட்ஸ்’, முதலில் 2010இல் இதழ்க் கட்டுரையாக வந்து, பின்னர் நூலாயிற்று. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் முதுகலை ஆங்கிலப் பாடத்திட்டத்தில் 2017இல் அது இடம்பெற்றது. மூன்று ஆண்டுகள் வகுப்புகளில் அது பயிலப்பட்டது. 2020 நவம்பரில், அது மாவோயிஸ்டுகளைப் போற்றுகிறது எனக் கூறி அகில பாரதிய வித்யார்த்தி பரிஷத் என்னும் மாணவர் அமைப்பு எதிர்ப்புத் தெரிவித்தது. சில நாட்களுக்குள், புலத் தலைவர்களும் பாடத்திட்டக் குழுவினரும் அடங்கிய ஒரு குழு அமைக்கப்பட்டது, நூல் விலக்கப்பட்டது. துணைவேந்தர் கா. பிச்சுமணி அதை அறிவித்தார். அதன் இடத்தில் மா. கிருஷ்ணனின் இயற்கைக் கட்டுரைத் தொகுப்பு வைக்கப்பட்டது.

கிருஷ்ணனைப் பற்றி ஒரு சொல். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன் அவர். 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். காட்டுயிர்களை நுணுகி நோக்கி எழுதியவர்களில் நாட்டிலேயே முன்னிற்பவர். பொதிகையின் நிழலில் வாழும் மாணவர் அவரைப் படிப்பது மிகப் பொருத்தமானதே. ஆகவே நம் கேள்வி எந்த நூல் சிறந்தது என்பதன்று. ராயின் கருத்தை ஏற்போரும் மறுப்போரும் நம் வாசகரிடையே இருப்பர். ஆயுதம் ஏந்தும் வழியை நாம் ஏற்பதற்கில்லை. ஆனால் வகுப்பறையில் ஒரு நூலைப் படிப்பது அதை வழிபடுவதாகாது. மூன்று ஆண்டுகள் அதைக் கற்பித்தவர்கள் அதனால் விளைந்தது நன்மையா தீமையா என்று சொல்லத் தக்கவர்கள். பெருந்தொற்றால் வளாகங்கள் வெறிச்சோடிக் கிடந்த அந்நாட்களில், ஓர் அமைப்பின் புகாருக்கும் பல்கலைக்கழகத்தின் முடிவுக்கும் இடையே இருந்த கால அளவு மிகக் குறுகியது. வாயில்கள் பல வைத்துக் கட்டிய வீட்டில், உள்ளே வர நெடுவழியும் வெளியே தள்ளக் குறுக்குவழியும் இருக்குமானால் அந்த வாயில்களுக்குப் பொருள் என்ன?

நெல்லை மட்டும் இதில் தனித்து நிற்கவில்லை. 2010இல் மும்பைப் பல்கலைக்கழகத்தில் ரோகின்டன் மிஸ்திரியின் நாவலொன்று, துணைவேந்தரின் அவசரகால அதிகாரத்தால் நீக்கப்பட்டது. 2011இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஏ.கே. ராமானுஜனின் முந்நூறு இராமாயணங்கள் பற்றிய கட்டுரையை ஆராய நால்வர் குழு அமைந்தது. அவர்களுள் மூவர் கட்டுரை இருக்கலாம் என்றனர். எனினும் கல்விக் குழு அதை நீக்கவே முடிவு செய்தது. ஓரிடத்தில் ஒருவரின் கையொப்பம், இன்னோரிடத்தில் பெரிய அவையின் வாக்கு, நம்மிடத்தில் விரைந்து கூடிய குழு. வழிகள் வெவ்வேறு, பாடத்தை அறிந்தவரின் ஆய்வைவிட வெளியிலிருந்து எழுந்த ஆரவாரம் உரக்கக் கேட்டது என்பது மூன்றுக்கும் பொது.

பாரிஸ் நகரின் பழைய வழக்கு

இத்தகைய சிக்கல் திருச்சபைக்குப் புதியதன்று. நாம் அதை நேர்மையோடு நினைவுகூர வேண்டும். 1210இல் பாரிசில் கூடிய ஆயர்களின் மன்றம், அரிஸ்டாட்டிலின் இயற்கைத் தத்துவ நூல்களை அங்கே கற்பிக்கலாகாது எனத் தடுத்தது. 1215இல் அத்தடை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. 1231இல் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரி, அந்நூல்களை ஆராய்ந்து பிழை களைந்து தருமாறு மூன்று அறிஞர்களைப் பணித்தார். பாடத்திட்ட மறுஆய்வுக் குழு என்றே அதைச் சொல்லலாம். அவர்களுள் முதன்மையானவரான ஓசேர் நகரத்து வில்லியம் அவ்வாண்டிலேயே இறந்தார், அப்பணி நிறைவேறவேயில்லை. ஆசிரியர்களோ படிப்பதையும் விவாதிப்பதையும் விடவில்லை. 1255இல் பாரிஸ் கலைப்புலம் அரிஸ்டாட்டிலின் நூல்களைக் கட்டாயப் பாடமாகவே வைத்தது.

அதோடும் முடியவில்லை. 1277இல் பாரிஸ் ஆயர் எத்தியேன் தாம்பியே 219 கருத்துகளைக் கண்டனம் செய்தார். அவற்றுள் சில தூய தாமஸ் அக்குவினாரின் போதனையையும் தொட்டன. 1323இல் தாமஸ் புனிதராக உயர்த்தப்பட்டார். 1325இல் பாரிசின் அன்றைய ஆயர், தாமசைத் தொடும் அளவில் அக்கண்டனத்தைத் திரும்பப் பெற்றார். இன்று குருமடங்களில் இறையியல் பயிலும் எவரும் தாமசைக் கடந்து செல்ல முடியாது. ஒரு காலத்தின் அச்சம் இன்னொரு காலத்தின் அடிப்படைப் பாடமாகிறது. இந்த வரலாற்றை அறிந்த நாம், எந்தத் தடையையும் இறுதிச் சொல்லாக எண்ணத் துணியலாமோ?

பதினைந்து ஆண்டுகளின் பொறுமை

மாறாக, பொறுமையின் எடுத்துக்காட்டு ஒன்றும் உண்டு. இயேசு சபையின் தலைவர் கிளாடியோ அக்குவாவீவா 1584இல், தம் சபைக் கல்லூரிகளுக்குப் பொதுவான கல்வித்திட்டம் வகுக்கப் பல நாடுகளைச் சேர்ந்த அறுவரை உரோமையில் கூட்டினார். 1586இல் அவர்களின் வரைவு மாநிலங்கள் தோறும் அனுப்பப்பட்டது. அங்கங்கே அனுபவமிக்கவர்கள் அதைப் படித்துக் குறைகளை எழுதி அனுப்பினர். 1591இல் திருத்திய வரைவு வந்தது. அதையும் வகுப்பறைகளில் நடத்திப் பார்த்து மீண்டும் கருத்துச் சொன்னார்கள். 1599இல்தான் ‘ராசியோ ஸ்டுடியோரம்’ என்னும் இறுதித் திட்டம் வெளிவந்தது. கீழ்ப்படிதலை வாக்குறுதியாகக் கொண்ட சபை அது. ஒரே ஆணையால் எல்லாவற்றையும் முடித்திருக்கலாம். ஆயினும் கற்பிப்பவரைக் கேளாமல் கற்பிக்கும் திட்டம் செய்யலாகாது என்று பதினைந்து ஆண்டுகள் காத்திருந்தது. பதறாத காரியம் சிதறாது என்று நம் முன்னோர் சொன்னதும் இதைத்தானே!

கேட்காமல் இறக்கப்படும் திட்டம் எத்தகைய எதிர்ப்பைச் சந்திக்கும் என்பதை நம் மாநிலமும் கண்டது. 2023இல் தமிழ்நாடு உயர்கல்வி மன்றம் மாநிலம் முழுமைக்கும் பொதுப் பாடத்திட்டம் ஒன்றை முன்வைத்தபோது, தன்னாட்சிக் கல்லூரிகளிலிருந்தும் ஆசிரியர் அமைப்புகளிலிருந்தும் கடும் மறுப்பு எழுந்தது. மாணவர் ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாற எளிதாகும் என்ற நல்ல நோக்கம் அதில் இருந்தது. ஆனால் நோக்கம் நல்லதாயிருப்பது மட்டும் போதாது; வழியும் நல்லதாயிருக்க வேண்டும்.

நமக்குரிய பங்கு

பிள்ளைகளின் முதல் ஆசிரியர் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கல்வி பற்றிய அறிக்கையில் கற்பித்தது. உயர்கல்வியில் ஒவ்வொரு துறையும் தனக்குரிய நெறியிலும் ஆய்வுச் சுதந்திரத்திலும் வளர வேண்டும் என்றும் அதே அறிக்கை கூறுகிறது. அடுத்த ஆண்டிலேயே, நான்கு நூற்றாண்டுகளாக வழங்கிய தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலைத் திருச்சபை கைவிட்டது. நல்லது எது, தீயது எது என்று பகுத்துணரும் பொறுப்பு அதனால் குறையவில்லை. பட்டியலிலிருந்து மனச்சான்றுக்கு இடம் மாறியது.

ஆகவே கல்லூரி ஆசிரியராக இருக்கும் நம் பொதுநிலையினர், பாடத்திட்டக் குழுவில் இடம் கிடைத்தால் அதை வெறும் கையொப்பச் சடங்காகக் கருதலாகாது. முன்னாள் மாணவராக அழைக்கப்படுவோர், வாழ்வில் உதவியது எது, உதவாதது எது என்பதை அஞ்சாமல் எடுத்துரைக்க வேண்டும். பெற்றோர், ஒரு நூல் சேர்ந்தாலும் நீங்கினாலும் அதன் காரணம் எழுத்தில் உண்டா என்று கேட்கலாம். நமக்குப் பிடித்த நூல் நீங்கும்போது கேட்பதுபோலவே, பிடிக்காத நூல் நீங்கும்போதும் கேட்க வேண்டும். நம் மனம் புண்படும் நூல் ஒன்றைக் கண்டால், தெருவில் நின்று குரல் எழுப்புமுன் அதை முழுவதும் படிப்பதும், கற்பிக்கும் ஆசிரியரோடு பேசுவதும், பிறகு முறையான குழுவுக்கு எழுதுவதுமே நமக்கு அழகு.

ஏனெனில் பாடத்திட்டம் மாறும் விதமே மாணவருக்கு ஒரு பாடம். காரணம் சொல்லி, கேட்டு, எண்ணி மாற்றினால், கருத்து வேற்றுமையைக் கையாளும் முறையை அவர்கள் கற்கிறார்கள். அஞ்சி மாற்றினால், உரக்கக் கத்துவோரே வெல்வர் என்பதைக் கற்கிறார்கள். இந்த இரண்டாவது பாடத்துக்குத் தேர்வு இல்லை. ஆனால் அது வாழ்நாள் முழுவதும் மறப்பதில்லை. கடைமடை வயலுக்குத் தண்ணீர் சேர வேண்டுமானால், மதகைத் திறப்பவர்கள் அந்த வயலையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். ஆழ்வார்குறிச்சியின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவியை நினைவில் வைத்துத் திறக்கும் மதகாகப் பாடத்திட்டக் குழுக்கள் விளங்கட்டும்.