உலக முடிவு: அச்சமா, ஆவலா?

ஆதித் திருச்சபையின் விசுவாசிகள், ஆண்டவர் விரைவில் வந்தருள வேண்டுமென்று ஆவலோடு மன்றாடினர். நம்மில் சிலரோ உலக முடிவு என்றாலே நடுங்குகிறோம். இவ்வச்சம் வந்த வழி என்ன?

தீர்வை நாளின் கோபத்தைப் பாடும் 'தீயஸ் ஈரே' என்ற இலத்தீன் கீதம் மத்திய காலத்தில் எழுந்தது. 1570-ஆம் ஆண்டுப் பூசைப் புத்தகம் அதை மரித்தோருக்கான பூசையில் நிலைநிறுத்தியது. கறுப்பு உடை அணிந்த குரு, நடுவே சவப்பெட்டி, மேலே அந்தக் கீதம்: துயரமும் தீர்வையும் நம் முன்னோர் நெஞ்சில் ஒன்றாகக் கலந்தன. முடிவுக்கு நாள் குறித்துப் பயமுறுத்திய பிரசங்கிகளும் இருந்தனர். 1516-ல் ஐந்தாம் லாத்தரன் பொதுச்சங்கம் அதைத் தடை செய்தது.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின் வெளிவந்த 1970-ஆம் ஆண்டுப் பூசைப் புத்தகம், மரித்தோர் திருப்பலியிலிருந்து அக்கீதத்தை நீக்கி, உயிர்ப்பின் நம்பிக்கையை முன்வைத்தது. பொதுத் தீர்வை பற்றிய சத்தியம் மாறவில்லை. நடுத்தீர்க்க வருபவர் நமக்காகச் சிலுவை சுமந்தவரே என்பதுதான் மீண்டும் நினைவூட்டப்பட்டது.

அதே புத்தகம், எழுந்தேற்றத்துக்குப்பின் ஆண்டவரின் வருகையை அறிக்கையிடும் ஆர்ப்பரிப்பை மக்களாகிய நமக்கே அளித்தது. ஆதி விசுவாசிகளின் ஆவலை நாம் ஒவ்வொரு திருப்பலியிலும் வாயால் சொல்லுகிறோம். அதை நெஞ்சாரச் சொல்லுவோமாக!